கூரை திறந்தால் பணப்பையும் திறக்கும்

"அக்கா, ஒரு கார் பார்த்திருக்கேன். நீங்க திட்டக் கூடாது."

சித்தப்பா மகன் இப்படி ஆரம்பித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஷா ஆலமில் பொறியாளராக வேலை பார்க்கிறான். அடுத்த ஆண்டு கல்யாணம். கைப்பேசியில் அவன் அனுப்பிய படத்தில் ஒரு சிவப்பு நிற போர்ஷே போக்ஸ்டர். 2006-ஆம் ஆண்டுக் கார், இரண்டே இருக்கைகள், கறுப்புத் துணிக் கூரை. பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு விநாடியில் கூரை மடிந்து பின்னால் போய்விடும். விற்பவர் கேட்ட விலை, ஏறக்குறைய ஒரு புதிய ஹோண்டா சிட்டியின் விலை.

"சிட்டி விலைக்கு போர்ஷே! யோசிச்சுப் பாருங்க அக்கா" என்றான்.

யோசித்தேன். வீடு வாங்க முன்பணமாக அவன் சேர்த்து வைத்திருக்கும் பணத்திலிருந்துதான் இந்தக் காருக்கும் எடுக்கப் போகிறான் என்பது தெரிந்ததும் இன்னும் கூடுதலாக யோசித்தேன். இவனைப் போல ஆசைப்படும் இளைஞர்கள் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். ஆசையில் தப்பில்லை. கணக்கு தெரியாமல் இறங்குவதுதான் தப்பு.

விலை இறங்கும், செலவு இறங்காது

இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி எல்லாம் சேர்ந்து, புதிதாக வந்தபோது இந்தக் கார்கள் சாதாரணக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத விலையில் இருந்தன. பதினைந்து, இருபது ஆண்டுகளில் அந்த விலை கரைந்துவிடுகிறது. ஆனால் அதன் கிளட்ச், தண்ணீர் பம்ப், பிரேக் வட்டு எதுவும் பழைய கார் விலைக்குக் கிடைப்பதில்லை. நீங்கள் கொடுத்தது சிட்டி விலை, பராமரிக்கப் போவது போர்ஷேவை. இந்த ஒரு வரியை மறந்தவர்கள்தான் ஓர் ஆண்டுக்குள் அதே காரை மறுபடியும் விற்பனைக்குப் போடுகிறார்கள்.

வங்கிக் கடனும் எளிதல்ல. காரின் வயது கூடக் கூட, கடன் கொடுக்கும் ஆண்டுகள் குறையும், வட்டி ஏறும். மாதத் தவணை நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதாகவே வரும்.

சாலை வரி சொல்லும் கதை

மேற்கு மலேசியாவில் தனியார் காருக்கான சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. காருக்கு வயதானால் வரி குறையும் என்று எண்ண வேண்டாம்.

1.5 லிட்டர் மைவிக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். தம்பி பார்த்த 2.7 லிட்டர் போக்ஸ்டர் 2,687 சிசி. 2,500-க்கு மேல் 880 ரிங்கிட் அடிப்படை, அதோடு கூடுதல் ஒவ்வொரு சிசிக்கும் 2.50 ரிங்கிட். ஆக 1,347 ரிங்கிட் 50 சென். அதே ஆண்டின் 'எஸ்' வகை 3,179 சிசி. 3,000-ஐத் தாண்டினால் அடிப்படையே 2,130, கூடுதல் சிசிக்கு 4.50 வீதம். மொத்தம் 2,935 ரிங்கிட் 50 சென். ஃபெராரி எஃப்430 ஸ்பைடர் என்றால் 4,308 சிசி. வரி 8,016 ரிங்கிட். ஒரு கிலோமீட்டர் ஓட்டுவதற்கு முன்பே!

காப்புறுதிக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே விலை கேட்டுவிடுங்கள். வயதான விளையாட்டுக் கார்களுக்கு முழுக் காப்புறுதி தர எல்லா நிறுவனங்களும் முன்வருவதில்லை. வெள்ளச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இயந்திரம்

போக்ஸ்டரின் இயந்திரம் இருக்கைகளுக்குப் பின்னால், காரின் நடுவில் இருக்கிறது. முன்னால் திறந்தால் பெட்டி வைக்கும் இடம், பின்னால் திறந்தாலும் அதுதான். பெரும்பாலான வேலையைக் காரைத் தூக்கி, அடியிலிருந்துதான் செய்ய வேண்டும். அதனால் கூலி ஏறும்.

இந்தக் காரைப் பற்றிப் பேசினால் 'ஐ.எம்.எஸ்.' என்ற சொல் வந்தே தீரும். இயந்திரத்துக்குள் இருக்கும் ஓர் இடைத்தண்டு. அதன் ஒரு முனையைத் தாங்கும் பேரிங் சிதறினால் இயந்திரமே போய்விடலாம். எல்லாக் கார்களுக்கும் இது நடப்பதில்லை, பெரும்பாலானவை தப்பிவிடுகின்றன. ஆனால் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக அமெரிக்காவில் உரிமையாளர்கள் வழக்கே தொடுத்து, அது சமரசத்தில் முடிந்தது. பழைய மாடல்களில் கிளட்ச் மாற்றும்போதே இந்தப் பேரிங்கையும் மாற்றிவிடலாம். 2006 முதல் 2008 வரை வந்தவற்றில் பேரிங் பெரியது, சிக்கல் குறைவு. ஆனால் இயந்திரத்தைப் பிரிக்காமல் மாற்ற முடியாது. 2009 மாடலில் வந்த புதிய இயந்திரத்தில் அந்தத் தண்டே கிடையாது.

ஃபெராரி பக்கம் போனால் வேறு கவலைகள். 360 ஸ்பைடரில் டைமிங் பெல்ட்டை, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அடுத்து வந்த எஃப்430-இல் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆனால் இரண்டிலுமே 'எஃப்1' கியர்பாக்ஸ் உள்ள கார்கள், கோலாலம்பூர் நெரிசலில் ஊர்ந்தால் கிளட்சைத் தின்றுவிடும்.

நம்ம ஊர் வெயிலும் மழையும்

கூரையைத் திறந்து ஓட்ட நமக்குக் கிடைப்பது அதிகாலையும் இரவும்தான். மற்ற நேரமெல்லாம் வெயில், இல்லாவிட்டால் மாலை மழை. அதனால் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது கூரையைத்தான்.

போக்ஸ்டரில் கூரை மடியும் இடத்தின் இரு பக்கமும் தண்ணீர் வடிய சிறு துளைகள் உண்டு. மரத்தடியில் நிறுத்தும் காரில் இலை, தூசி அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளே இறங்கி இருக்கைக்கடியில் தேங்கும். காரின் மின்னணுப் பெட்டிகள் சில இருப்பதும் அங்கேதான். பத்து நிமிடத்தில் சுத்தம் செய்ய வேண்டிய துளை, ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும். முன்பக்கக் காற்றுத் துளைகளிலும் இலைகள் சேர்ந்து மக்கும். அங்கே இருக்கும் ரேடியேட்டரும் ஏர்கான் கண்டென்சரும் அரிக்கப்படும். 2002 வரை வந்த மாடல்களில் பின் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக். வெயிலில் மங்கும், மடித்து மடித்து விரிசல் விடும்.

'அதிகம் ஓடாத கார்' என்றதும் மயங்க வேண்டாம். சும்மா நிற்கும் காரில் ரப்பர் காயும், பேட்டரி சாகும், டயர் முதுமையடையும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

வாங்கத்தான் போகிறீர்களா?

சரியாகப் பராமரித்த போக்ஸ்டர் நம்பகமான கார்தான். எந்த ஆண்டுக் கார் என்பதைவிட, அது யார் கையில் இருந்தது என்பதே முக்கியம். சர்வீஸ் ரசீதுகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் சோதனை, இயந்திரத்தின் உள்நலத்தைச் சொல்லாது. இந்த வகைக் கார்களையே பழுதுபார்க்கும் ஒரு ஃபோர்மேனிடம் பணம் கொடுத்துச் சோதியுங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்து உலோகத் துகள் இருக்கிறதா என்று அவர் சொல்வார். நல்ல நிலையில் உள்ள பாகங்களை ஹாஃப்கட் கடைகளிலும் தேடலாம். ஆனால் பேரிங், பிரேக் போன்றவற்றில் சிக்கனம் வேண்டாம்.

கடைசியாக என் கணக்கு ஒன்று. காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் ஆண்டுச் செலவுக்கென்று தனியாக வைக்க முடியாவிட்டால், அந்தக் கார் உங்களுக்கு இன்னும் எட்டவில்லை.

சனிக்கிழமை நானும் தம்பியோடு போனேன். கார் பளபளவென்று நின்றது. ஓட்டுநர் இருக்கைக்கடியில் கையை விட்டான், கம்பளம் ஈரமாக இருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் கடைசி ஐந்து ஆண்டுகள் வெற்றுப் பக்கங்கள். வெளியே கொண்டுபோய்ச் சோதிக்கலாமா என்று கேட்டோம். "கார் நல்லாத்தான் இருக்கு, எதுக்கு அதெல்லாம்?" என்றார் விற்பவர். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

வரும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னான்: "முதல்ல வீட்டு முன்பணம் கட்டிடறேன் அக்கா. காருக்குத் தனியா ஒரு அக்கவுண்ட் திறக்கிறேன். 2009-க்கு அப்புறம் வந்த மாடலாப் பார்க்கலாம்."

இந்த முறை நான் திட்டவில்லை.