பாரத்தைப் பகிர்ந்து சுமப்போம்



"எங்கள் சபையில் எல்லாவற்றையும் இரண்டு மூன்று பேரே செய்கிறார்கள்" என்ற வருத்தத்தை அடிக்கடி கேட்கிறோம். அந்த இரண்டு மூன்று பேரைக் கேட்டால், "வேறு யாரும் முன்வருவதில்லையே" என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். பொறுப்பை ஏற்கவும் பழக வேண்டும்; அதைவிடக் கடினம், பொறுப்பைக் கொடுக்கப் பழகுவது. இதற்கு நம் வேலூரிலேயே ஒரு பாடம் உண்டு.

1900ஆம் ஆண்டு டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் பெண்களுக்கு ஒரே ஒரு படுக்கையுடன் வைத்தியம் தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. தாம் ஒருவர் இரவும் பகலும் உழைத்தாலும் சுற்றுக் கிராமங்களுக்குப் போதாது என்று அம்மையார் கண்டார். ஆகவே 1909இல் தாதியர் பயிற்சியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். ஆற்காடு மிஷனின் வேலையாயிருந்ததில் வேறு மிஷன் சங்கங்களும் கைகோர்த்ததாலேயே அந்தப் பள்ளி எழும்பியது.

உண்மையான சோதனை அதன் பின்னர் வந்தது. 1930களின் பிற்பகுதியில், மருத்துவ டிப்ளமோ படிப்பை நிறுத்திப் பட்டப்படிப்பை மட்டும் நடத்த அரசு தீர்மானித்தது. பட்டப்படிப்புக்கு அதிகப் படுக்கைகளும் பேராசிரியர்களும் பெரும் பணமும் வேண்டும். எல்லாச் சபைகளுக்கும் பொதுவான கல்லூரியாக்கி, ஆண்களையும் சேர்த்துக்கொள்வதே முன்னிருந்த வழி. ஆனால் பெண்களுக்கென்று பெண்களே காணிக்கை சேர்த்து எழுப்பிய பள்ளி அது. அமெரிக்காவில் அதற்காக உழைத்த நெருங்கிய தோழி லூசி பீபாடி போன்றோர் எதிர்த்தார்கள். அம்மையாரும் தயங்கினார், முடிவில் இசைந்தார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கிற்று; 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள். 1946இல் அம்மையார் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளுக்குள் விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியரானார். ஐடா அம்மையார் 1960இல் மறையும்வரை, தாம் தொடங்கிய வேலையைப் பிறர் நடத்தக் கண்டு மகிழ்ந்தார். அவர் அன்று பிடித்த பிடியை விடாதிருந்தால் இன்றைய சி.எம்.சி. இருந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

சபைக்கும் இது பொருந்தும். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பல சபையார் தங்கள் தனி வழக்கங்களை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே ஒன்றானார்கள். இன்று சபையார் தேர்ந்தெடுக்கும் குழுவும், அதில் செயலாளர், பொருளாளர் பதவிகளும் உண்டு. ஏற்பாட்டில் குறையில்லை. அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதும், கணக்கு நோட்டு ஒரே வீட்டுப் பீரோவில் இருப்பதும்தான் குறை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் பாருங்கள். காலையில் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போகும் நம் சகோதரிகள் பலர் மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருக்கிறார்கள். அங்கே ஒருவர் ஊக்குநர், இருவர் பிரதிநிதிகள். வங்கியில் பணம் எடுக்க ஒருவர் கையெழுத்து போதாது. கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் கணக்கு வாசிக்கப்படுகிறது. வாரநாளில் கடனும் சேமிப்பும் நிர்வகிக்கும் இவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை சபையில் நாம் கொடுக்கும் வேலை என்ன? பாய் விரிப்பதும் தேநீர் கொடுப்பதும் மட்டும்தானா?

மோசே தனியாக நியாயம் விசாரித்துக் களைத்தபோது, அவருடைய மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனையை யாத்திராகமம் 18இல் வாசிக்கிறோம். ஆதித் திருச்சபையில் விதவைகளின் பந்தி விசாரிப்பில் முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர் அதை மறைக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சபையிடமே சொன்னார்கள்.

நம் சபைகளில் எளிதாகத் தொடங்கக்கூடியவை சில உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் குழு கூடட்டும். ஒவ்வொரு பொறுப்பாளரும் ஓர் இளைஞரையோ சகோதரியையோ உடன் வைத்துப் பழக்கட்டும். அவர்கள் தவறினால் பொறுப்பைப் பறிக்காமல் திருத்திக் கொடுப்போம். கணக்கைச் சபை அறிய வாசிப்போம். பதவிக்காலம் முடிந்தவர் மனத்தாங்கலின்றி விலகி, அடுத்தவருக்குத் துணை நிற்கட்டும்.

உங்கள் காணிக்கைகளும் ஜெபங்களும் இவ்வூழியத்தைத் தாங்குகின்றன. எங்களுக்காக ஜெபிக்கும்போது, எங்கள் கையிலுள்ளதைத் தக்க காலத்தில் அடுத்தவர் கையில் கொடுக்கும் மனதை எங்களுக்கும் தரும்படி வேண்டிக்கொள்ளுங்கள்.