அயர்லாந்தில் ஒரு பார்சல் வாசலுக்கு வரும் கதை

இணையத்தில் பொருள் வாங்குவது கம்ப்யூட்டர் திரையோடு முடிந்துவிடும் காரியம் என்று பலர் நினைக்கிறார்கள. தண்டவாளத்தோடு முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்த எனக்கு அது பாதி வேலைதான். பொருள் வாசலுக்கு வந்து சேர வேண்டுமே! நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் நர்ஸ் வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் அயர்லாந்து போயிருப்பதால், லிமெரிக் பக்கம் மகள் வீட்டில் தங்கியபோது கவனித்ததை எழுதுகிறேன்.

நாம் 1972 ஆகஸ்ட் 15 முதல் பின்கோடு எழுதுகிறோம். அயர்லாந்தில் டப்ளின் நகர வட்டார எண்களைத் தவிர 2015 ஜூலை வரை அப்படி ஒன்றும் கிடையாது. கிராமங்களில் பெரும்பாலும் வீட்டு எண்ணும் இல்லை, தெருப்பெயரும் இல்லை. டவுன்லாண்ட் என்ற பழைய நிலப்பிரிவின் பெயர், பக்கத்து ஊர், கவுண்டி, அவ்வளவுதான் முகவரி. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வீடுகள் இன்னொரு வீட்டோடு ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டிருந்தன. ஊர்த் தபால்காரர் ஆள் தெரிந்து கொடுத்துவிடுவார். கூரியர்காரருக்கு யாரைத் தெரியும்? போனில் "சர்ச்சைத் தாண்டி இரண்டாவது கேட்" என்று வழி சொல்ல வேண்டும்.

பிறகு வந்தது ஏர்கோடு. ஏழு எழுத்து, முதல் மூன்று வட்டாரத்துக்கு, மீதி நான்கு அந்த ஒரே வீட்டுக்கு. அடுத்தடுத்த வீடுகளின் குறியீடு வரிசையாக இராது. கிலோமீட்டர் கல்லைப் பார்த்தே பழகிய எனக்கு முதலில் இது உறுத்தியது. ஆனால் நடுவில் புது வீடு முளைத்தாலும் வரிசை கெடாது என்பது பெரிய சௌகரியம்.

அங்கே மக்கள் அதிகம் நாடியது பிரிட்டிஷ் கடைகளின் இணையதளங்களை. அதே மொழி, பழகிய பெயர்கள், கூடுதல் ரகங்கள். சில கடைகள் கடல் தாண்டி அனுப்பாது. அதற்கும் வழி கண்டார்கள். 2012-ல் வந்த பார்சல் மோட்டல், வட அயர்லாந்தில் ஒரு முகவரி கொடுத்தது. பார்சல் அங்கே போய், பிறகு பெட்ரோல் பங்க் அருகே உள்ள பெட்டகத்தில் வந்து காத்திருக்கும்.

2021 ஜனவரி 1 அன்று இந்தப் பாதையில் கேஜ் மாறிவிட்டது. மன்மாடு யார்டில் பிராட்கேஜிலிருந்து மீட்டர்கேஜுக்கு மூட்டை மூட்டையாகச் சரக்கு மாற்றியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையை விட்டு விலகியதால் அங்கிருந்து வரும் பொருளுக்குச் சுங்கப் படிவம், வாட் எல்லாம் வந்தன. 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கும் அந்த ஜூலையில் போயிற்று.

2022-ல் நான் போயிருந்தபோது மாப்பிள்ளைக்கு ஒரு கோட் வாங்கினார்கள். கடை லண்டனில், தைத்தது சீனாவில், விலை 180 யூரோ. அப்போதைய விதிப்படி 150 யூரோவைத் தாண்டினால் சுங்கம். கணக்குப் போட்டேன்: 12 சதவீதச் சுங்கம் 21.60, அதையும் சேர்த்த 201.60-க்கு 23 சதவீத வாட் 46.37. ஆக 67.97 யூரோ, கூரியர் கட்டணம் தனி. பணம் கட்டிய பிறகுதான் பார்சலைக் கொடுத்தார்கள். "இனிமே பொருள் எங்கேருந்து வருதுன்னு பார்த்துட்டுத்தான்பா வாங்கணும்" என்றாள் மகள்.

இதனால் உள்ளூர்க் கடைகளுக்கு ஒரு மூச்சு கிடைத்தது. 2020 ஊரடங்கில் பென்னீஸ் போன்ற பெரிய துணிக்கடையே இணைய விற்பனை இல்லாமல் விழித்தது. பிரைமார்க் என்ற பெயரில் வெளிநாட்டிலும் நடக்கும் அந்த நிறுவனத்துக்கு மாதம் 65 கோடி பவுண்டு விற்பனை பூஜ்யமாயிற்று. சிறு கடைகள் இணையதளம் அமைக்க அரசு 2,500 யூரோ வரை உதவியது. மகள் ஊரில் பள்ளிச் சீருடை விற்கும் அம்மையாரும் ஒன்று அமைத்தார். முன்பெல்லாம் தம் கடையில் அளவு பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் பிரிட்டனில் ஆர்டர் கொடுப்பார்கள், இப்போது திரையில் பார்த்துவிட்டுக் கடைக்கு வருகிறார்கள் என்றார். 2025 மார்ச்சில் அமேசான் அயர்லாந்துக்கென்றே தனித் தளம் திறந்துவிட்டது. அந்த அம்மையாரின் மூச்சு எத்தனை நாளைக்கோ!

பேரப்பிள்ளைகளுக்கு இங்கிருந்தே பரிசு ஆர்டர் செய்யும் பெரியவர்கள், பெயரின் முடிவில் 'ஐ.ஈ.' இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்ப வேண்டாம். திருப்பி அனுப்பும் முகவரி எந்த நாட்டில் என்று முதலில் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக் கடை என்றால், சில பொருட்கள் நீங்கலாக, பிடிக்காததை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். மகள் வீட்டு ஏர்கோடை என் டைரியின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.