‘கொடை ஸ்பெஷல்’னா உண்மையில என்ன? பழனி மலையில் ஒரு குட்டி ஷாப்பிங் டூர்

நம்ம பக்கத்து காலேஜ்களில் ஐ.வி.ன்னா ரூட் கிட்டத்தட்ட ஒண்ணுதான். முதல் நாள் ஏதாவது ஒரு ஃபேக்டரி, மிச்ச ரெண்டு நாள் கொடைக்கானல். திரும்பி வரும்போது எல்லார் பையிலும் ஒரே லிஸ்ட் இருக்கும்: ஹோம்மேட் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், டீத்தூள், ஒரு ஸ்வெட்டர். எல்லாத்துக்கும் கடைக்காரர் சொல்ற பேர் ‘கொடை ஸ்பெஷல்’.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாக்லேட்டுக்கு வேண்டிய கொக்கோ அந்தக் குளிரில் விளையாது. நீலகிரி, வால்பாறை மாதிரி பெரிய தேயிலைத் தோட்டங்கள் கொடைக்கானலில் கிடையாது. யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவில் இருந்து கொண்டு வந்து நட்ட மரம். ஸ்வெட்டர் பெரும்பாலும் லூதியானா மாதிரி ஊர்களில் மெஷினில் பின்னினது.

அப்போ இந்த மலை சொந்தமா எதையுமே தர்றது இல்லையா? தருது, நிறையவே. திண்டுக்கல் மாவட்டத்துக்கு 2019-ல் மட்டும் மூணு புவிசார் குறியீடு கிடைச்சது: பழனி பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு, திண்டுக்கல் பூட்டு. அதில் முதல் ரெண்டும் இந்த மலையைச் சேர்ந்தவை. நாம வாங்காம வர்ற அந்தப் பொருட்களைத் தேடித்தான் இந்த டூர். வத்தலக்குண்டு பக்கம் ஏறி, பழனி பக்கம் இறங்கப் போறோம்.

ஒரே ஒரு ஃபார்முலா: உயரம்

மலையில் எது எங்கே விளையும்னு தெரிஞ்சுக்க ஒரு நம்பர் போதும். சராசரியா 1,000 மீட்டர் ஏறினா வெப்பநிலை 6.5 டிகிரி குறையும். வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். வித்தியாசம் 1,800 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 12 டிகிரி. கீழே 35 டிகிரி வெயிலில் கிளம்புற பஸ், மூணு மணி நேரத்தில் 23 டிகிரிக்குள்ள போய் நிக்குது. இந்த 12 டிகிரியை நடுவில் எங்கே வெட்டினாலும் அங்கே ஒரு தனிப் பயிர் இருக்கும். நடு உயரத்தில் காபியும் வாழையும், மேலே பூண்டும் கேரட்டும், இன்னும் தள்ளிப் போனா கம்பளி ஆடு.

முதல் ஸ்டாப்: தாண்டிக்குடி, காபி

கொடை ரோட்டில் ஊத்து என்ற இடத்தில் பிரியுற பாதை பண்ணைக்காடு வழியா தாண்டிக்குடிக்குப் போகுது. டூரிஸ்ட் வண்டிகள் பெரும்பாலும் இந்தப் பக்கம் திரும்புறது இல்லை. ஆனா பழனி மலையின் காபி இங்கேதான் இருக்கு. காபி வாரியம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தையே தாண்டிக்குடியில் நடத்துது.

இங்கே வளர்றது பெரும்பாலும் அராபிகா. சுமார் 1,000 முதல் 1,500 மீட்டர் உயரம் அதுக்குப் பிடிச்ச இடம். தோட்டத்தைப் பார்த்தா தோட்டம் மாதிரியே இருக்காது, காடு மாதிரி இருக்கும். மேலே சில்வர் ஓக், பலா மாதிரி உயரமான மரங்கள், அந்த மரங்களில் ஏறின மிளகுக் கொடி, கீழே நிழலில் காபிச் செடி, இடையிடையே மலைவாழை. இது அழகுக்காகப் பண்ணின ஏற்பாடு கிடையாது. அராபிகாவின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. அது வெயில் படுற செடியைத்தான் அதிகம் தாக்கும். நிழல்தான் இங்கே முதல் பூச்சி மருந்து. கூடவே, காபி விலை நியூயார்க் சந்தையில் விழுந்தா அந்த வருஷம் மிளகும் வாழையும் குடும்பத்தைத் தாங்கும். ஒரே நிலத்தில் நாலு வருமானம், நம்ம பாஷையில் சொன்னா பேக்கப்.

நவம்பரில் இருந்து பிப்ரவரி வரைக்கும் பழம் பறிக்கிற சீசன். சிவந்த பழத்தை மட்டும் கையால் பறிச்சு, தோல் நீக்கி, கொட்டை மேல ஒட்டியிருக்கிற பிசுபிசுப்பைப் புளிக்க வெச்சுக் கழுவி, களத்தில் காய வைப்பாங்க. மத்த மாசங்களில் போறவங்களுக்கு இது எதுவும் கண்ணில் படாது.

வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. காபி–சிக்கரி கலவையில் காபி குறைஞ்சது 51 சதவீதம் இருக்கணும்னு உணவுப் பாதுகாப்பு விதி சொல்லுது. எத்தனை சதவீதம்னு லேபிளில் போட்டிருக்கணும். 51 போட்டிருந்தா நீங்க பாதிக்குப் பாதி சிக்கரிக்குக் காசு கொடுக்குறீங்க. சிக்கரி தப்பு இல்லை, நிறைய பேருக்கு அந்த டேஸ்ட்தான் பிடிக்கும். ஆனா மலைக்காபி குடிச்சேன்னு சொல்லணும்னா, சிக்கரி கலக்காத தூளை ஒரு தடவையாவது ஃபில்டரில் போட்டுப் பாருங்க.

அதே நிழலில்: விருப்பாச்சி வாழை

காபிச் செடிக்கு நடுவில் நிக்கிற அந்த மலைவாழைக்கு ஒரு வரலாறு இருக்கு. விருப்பாச்சி என்பது மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த கோபால் நாயக்கரின் பாளையம் அதுதான். அந்த ஊர் பேரில் வர்ற விருப்பாச்சி மலைவாழைக்கும், பக்கத்து மலையான சிறுமலை வாழைக்கும் 2008-லேயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு.

அதுக்கு முன்னாடி இது அழியுற நிலைக்குப் போன பயிர். 1970-களில் முடிக்கொத்து நோய் பரவி மலைவாழைத் தோட்டங்களைக் காலி பண்ணிச்சு. இது வைரஸ் நோய். அசுவினிப் பூச்சி ஒரு செடியில் இருந்து இன்னொரு செடிக்குக் கொண்டு போகும். இலைகள் விரியாம உச்சியில் கொத்தா நின்னுடும், குலை தள்ளாது. வாழையைக் கன்று பிரிச்சுத்தான் நடுவோம் என்பதால், நோய் வந்த தாய்ச் செடியில் இருந்து எடுத்த கன்றும் நோயோடதான் போகும். அதனால்தான் வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகள் தேவைப்பட்டுச்சு. நாம பயோடெக் பிளாக்கில் பார்க்கிற அதே டிஷ்யூ கல்ச்சர்தான்.

பழம் பார்க்க சின்னதா இருக்கும், தோல் கறுத்திருந்தாலும் உள்ளே கெட்டியா, வாசனையா இருக்கும். நீர்ச்சத்து கம்மி. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பழனியில் இறங்கும்போது தேவைப்படும்.

ரெண்டாவது ஸ்டாப்: கொடை டவுன், சந்தையும் டம்ளரும்

முடிஞ்சா ஞாயிற்றுக்கிழமை டவுனில் இருக்கிற மாதிரி பிளான் பண்ணுங்க. அன்னைக்குத்தான் வாரச் சந்தை. டூரிஸ்ட்டுக்காக நடக்கிற சந்தை இல்லை இது. சுத்தியிருக்கிற மலைக் கிராமத்துக்காரங்க வார மளிகை வாங்க வர்ற இடம். அதனால விலையும் டூரிஸ்ட் விலை இல்லை. மலைக் காய்கறியில் பெரும் பகுதி லாரி ஏறி ஒட்டன்சத்திரம், மதுரைன்னு கீழே போயிடும். மிச்சம் இங்கே வரும்: கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முள்ளங்கி. மே, ஜூன்ல போனா பிளம்ஸ், ஜூலை தாண்டினா பேரிக்காய். பட்டர் ஃப்ரூட்டும் பேஷன் ஃப்ரூட்டும் கிடைக்கும். பேஷன் ஃப்ரூட்டை அங்கேயே ரெண்டா வெட்டி, விதையோட தண்ணீரும் சர்க்கரையும் கலந்து குடிச்சா, எந்த பாட்டில் ஜூஸும் பக்கத்தில் நிக்காது.

பாட்டில்னு சொன்னதும் ஒரு எச்சரிக்கை. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், கூல்டிரிங்ஸ் பாட்டில்களுக்கு கொடையில் தடை இருக்கு. கொண்டு போனா பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரின்னு 2024-ல் அறிவிச்சாங்க. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் இருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் வேணும். ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டுப் போங்க.

இன்னொரு குட்டி ஃபிசிக்ஸ். கொடையில் தண்ணீர் கொதிக்கிறது 100 டிகிரியில் இல்லை, சுமார் 93 டிகிரியில். உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் குறையும். அதான் அங்கே அரிசி குக்கர் இல்லாம வேக அடம் பிடிக்குது. கீழே வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் பலூன் மாதிரி உப்புறதும் இதே காரணத்தால்தான்.

சாக்லேட் பத்தி ஒரு வார்த்தை. ‘ஹோம்மேட்’ என்பதில் பொய் இல்லை, ஆனா பெரும்பாலும் வெளியில் இருந்து வாங்கின சாக்லேட் கட்டியை உருக்கி, நட்ஸ் போட்டு, அச்சில் ஊத்துறதுதான் இங்கே நடக்கிற வேலை. கொடையின் பங்களிப்பு அந்தக் குளிர். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும், அதனால ஃப்ரிட்ஜ் இல்லாமலே இங்கே சாக்லேட் நிக்கும். வாயில் போட்டதும் கரைஞ்சா அது கொக்கோ வெண்ணெய். மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டினா, அது வேற தாவரக் கொழுப்பு சேர்த்த ‘காம்பவுண்ட்’. விலையைப் பேசுறதுக்கு முன்னாடி ஒரு துண்டு டேஸ்ட் பாருங்க.

மூணாவது ஸ்டாப்: பூம்பாறை, பூண்டு

கொடையில் இருந்து 18 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸே போகுது. சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் படிப்படியா வெட்டின வயல்கள், நடுவில் ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். எல்லாரும் மேலே ரோட்டில் வண்டியை நிறுத்தி ஒரு ரீல்ஸ் எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. அந்த ரீல்ஸில் பச்சையா தெரியுற வயலில்தான் மலைப்பூண்டு விளையுது.

பூண்டின் காரத்துக்குப் பின்னாடி ஒரு நல்ல கெமிஸ்ட்ரி இருக்கு. முழுப் பல்லுக்கு வாசனை குறைவு. உள்ளே அல்லியின் என்ற கந்தகச் சேர்மமும், அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறையில் இருக்கும். நசுக்கும்போது சுவர் உடைஞ்சு ரெண்டும் சேர்ந்து அல்லிசின் உருவாகும். மூக்கில் ஏறுறது அதுதான். மலைப்பூண்டு இந்த நெடிக்கும், சீக்கிரம் கெடாம நிக்கிறதுக்கும் பேர் போனது. தாளோட கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை காட்டிச் சேமிக்கிறது இங்கத்திய பழைய வழக்கம்.

விளைச்சலில் கணிசமான அளவு தேனி மாவட்டத்து வடுகபட்டி பூண்டு மார்க்கெட்டுக்குப் போகும். சிக்கல் அங்கேயும் டவுன் கடைகளிலும்தான். வட மாநிலப் பூண்டும் மலைப்பூண்டும் பக்கத்துப் பக்கத்து மூட்டையில் இருந்தா நமக்கு வித்தியாசம் தெரியாது. புவிசார் குறியீடு உதவணும்னா இங்கேதான் உதவணும். அந்தச் சட்டம் 1999-ல் வந்து, 2003-ல் அமலாச்சு. குறியீடு ஒரு கம்பெனியின் சொத்து கிடையாது, அந்தப் பகுதி உற்பத்தியாளர்கள் எல்லாருக்கும் பொது. ஆனா ஒவ்வொரு விவசாயியும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பதிவு பண்ணணும். பதிவு பண்ணி லோகோ போட்டு வித்தாலும், வாங்குறவங்களுக்கு அந்த லோகோ என்னன்னே தெரியலைன்னா பிரயோஜனம் இல்லை. பூண்டு போடுறதை விட காட்டேஜ் கட்டினா லாபம்னு ஒரு விவசாயி முடிவெடுத்தா, நாம ரீல்ஸ் எடுத்த அந்தப் படிக்கட்டு வயல் அத்தோட முடிஞ்சது.

நாலாவது ஸ்டாப்: மன்னவனூர், கம்பளி

பூம்பாறை தாண்டி அதே ரோட்டில் மன்னவனூர். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் 1965-ல் இருந்து இங்கே இயங்குது. நம்ம சமவெளி ஆடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கிறது முடி, கம்பளி இல்லை. இங்கே வளர்க்கிற பாரத் மெரினோ ஆட்டின் இழை சுமார் 20 மைக்ரான் தடிமன். மனுஷ முடி சுமார் 70 மைக்ரான். இழை 30 மைக்ரானைத் தாண்டினா தோலில் குத்தி அரிக்கும், அதனாலதான் இந்த மெல்லிசுக்கு மதிப்பு.

டவுனில் வாங்கின ஸ்வெட்டர் நிஜக் கம்பளியான்னு பார்க்க, ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்க. முடி கருகுற நாத்தம் வந்து, சாம்பல் விரலில் பொடிஞ்சா கம்பளி. உருகி உருண்டையா இறுகினா அக்ரிலிக். கைவேலைப் பொருள் வேணும்னா, கார்சாக் என்ற தன்னார்வ அமைப்பு டவுனில் நடத்துற காட்டேஜ் கிராஃப்ட்ஸ் மாதிரி, செஞ்சவங்களுக்கே காசு போற கடைகளைத் தேடுங்க. சிவப்பு, கறுப்பு நூலில் தோடர் எம்ப்ராய்டரி போட்ட சால்வையைக் காட்டி ‘லோக்கல்’னு சொன்னா நம்பாதீங்க. அது நீலகிரிக்குச் சொந்தம், 2013-ல் தனிப் புவிசார் குறியீடே வாங்கினது.

கடைசி ஸ்டாப்: பழனி, பஞ்சாமிர்தம்

வந்த வழியே திரும்பாம பெருமாள்மலையில் பிரிஞ்சு பழனி ரோட்டில் இறங்கினா, கொடையில் இருந்து 64 கிலோமீட்டர். இங்கேதான் விருப்பாச்சி வாழை திரும்ப வருது. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், கூட பேரீச்சையும் கற்கண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கிறது இல்லை, பிரிசர்வேட்டிவும் இல்லை. அப்புறம் எப்படிக் கெடாம இருக்கு? சர்க்கரையும் தேனும் இருக்கிற ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், பாக்டீரியாவுக்குக் குடிக்கத் தண்ணீர் மிஞ்சாது. ஊறுகாயில் உப்பு பண்ற அதே ஆஸ்மாசிஸ் வேலை. நீர்ச்சத்து அதிகமான பழத்தைப் போட்டா இந்தக் கணக்கு உதைக்கும். அதனாலதான் பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைக்கு இவ்வளவு மவுசு. தமிழ்நாட்டில் புவிசார் குறியீடு வாங்கின முதல் கோயில் பிரசாதம் இது.

அடுத்த ஐ.வி.க்கு ஒரு லிஸ்ட்

* காபி: தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம். லேபிளில் சதவீதம் பாருங்க.
* மலைவாழை: தோல் கறுத்திருந்தா பயப்படாதீங்க.
* பழங்கள்: ஞாயிற்றுக்கிழமை சந்தை. சீசன் பார்த்து வாங்குங்க.
* பூண்டு: முடிஞ்சா பூம்பாறையிலேயே, வயல்காரர் கிட்டயே.
* கம்பளி: நெருப்பு டெஸ்ட், கடைக்கு வெளியே.
* பஞ்சாமிர்தம்: தேவஸ்தான ஸ்டாலில்.

சாக்லேட் வாங்காதீங்கன்னு யாரும் சொல்லலை, தம்பி தங்கச்சி வீட்டில் காத்துட்டு இருப்பாங்க. அதுகூட அரைக் கிலோ மலைப்பூண்டும் எடுத்துட்டு வாங்க. அம்மா ரசத்துக்கு ரெண்டு பல் தட்டிப் போட்டா, கொடைக்கானல் போயிட்டு வந்த வாசனை வீடு முழுக்க வரும்.