படபடப்பு நின்றதும் குளிசையை நிறுத்தலாமா?

இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று வோபரின் எழுதிக் கொடுக்கப்பட்ட பலர், படபடப்பு அடங்கியதும் அதை விட்டுவிடுகிறார்கள். "இப்ப எனக்கு ஒண்டுமில்லயே" என்று என் உம்மாவும் சொன்னார்.

வோபரின் படபடப்புக்கான மருந்தல்ல. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும்போது உள்ளே இரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பாரிசவாதம். இந்நோயுள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. படபடப்பே தெரியாத நாளிலும் இது நடக்கலாம்.

எல்லோருக்கும் இம்மருந்து தேவையுமில்லை. வயது, பிரஷர், சீனி வருத்தம், முன்னர் பாரிசவாதம் வந்ததா என்பவற்றைப் பார்த்தே டொக்டர் முடிவெடுக்கிறார். "எனக்கு ஏன் தேவை?" என்று கிளினிக்கில் கேளுங்கள். நெரிசல்தான், ஆனாலும் கேட்பது உங்கள் உரிமை.

இரத்தம் கசியும் என்ற பயம் நியாயமானது. அதற்காகவே ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை, பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரையை நிறுத்தத் தேவையில்லை, அளவு அடிக்கடி மாறாமலிருந்தால் போதும். ஹிஜாமா செய்ய நினைப்பவர்கள் முதலில் டொக்டரிடம் கேட்டேயாக வேண்டும். எங்களூரில் இதை யாரும் சொல்வதில்லை.

நோன்புக்காகவும் மருந்தை விடத் தேவையில்லை. வோபரின் நாளுக்கு ஒரு முறைதான். நோன்பே வேண்டாம் என்று டொக்டர் சொன்னால், நோயாளி வேறு நாட்களில் நோற்கும் சலுகை ஸூரதுல் பகராவின் 184ஆம் வசனத்திலேயே இருக்கிறது. உம்மாவுக்கு ஷஃபான் மாதக் கிளினிக்கிலேயே கேட்டோம். இஷாவுக்குப் பின் குடிக்கச் சொன்னார்கள்.