பாட்டுப் படிக்கப் பல்கலைக்கழகமா?

உப்புக்குளத்தில் ஒரு வீடு. உயர்தர வகுப்பில் சங்கீதத்தை ஒரு பாடமாகக் கற்ற மகள், அதையே பல்கலைக்கழகத்திலும் தொடர விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "குரல் இருந்தால் பாடலாம், குரு இருந்தால் கற்கலாம், வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளும் இருக்கின்றன. பாட்டுக்காக நான்கு வருஷம் ஊரை விட்டுப் போகத்தான் வேண்டுமா?" என்று தந்தையார் கேட்கிறார். நியாயமான கேள்வி, அதனை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை.

செல்லும் இடங்கள் இரண்டு. சேர் பொன். இராமநாதன் பெயரால் மருதனார்மடத்தில் 1960-இல் தொடங்கப்பெற்ற இசைக் கல்லூரி ஒன்று. மகாராஜபுரம் சந்தானம் அவர்கள் முதல்வராக இருந்து பணிபுரிந்த அக்கல்லூரி, 1975-இல் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. மற்றையது மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம்.

அங்கே பாட்டு மட்டுமா கற்பிக்கப்படுகிறது? வரலாறு, சாஸ்திரம், பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்ததே இசைக் கல்வி. இம்மூன்றும் எவ்வாறு ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன என்பதை அறிய நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மன்னார்ப் பாலத்தைக் கடந்து மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தை அடைந்தாற் போதும்.

அத்தலத்துக்குத் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமும், சுந்தரர் ஒரு பதிகமும் பாடியுள்ளனர். முன்னது நட்டராகப் பண். பின்னது நட்டபாடைப் பண். இன்று முன்னதைப் பந்துவராளியிலும் பின்னதைக் கம்பீரநாட்டையிலும் பாடுவது மரபு. இரண்டையும் பிழையின்றிப் பாடுவது பயிற்சி. பந்துவராளியில் ஒலிப்பது பிரதி மத்திமம், கம்பீரநாட்டையில் ஒலிப்பது சுத்த மத்திமம், பின்னதில் ரிஷபமும் தைவதமும் இல்லை என்று பிரித்தறிவது சாஸ்திரம். சம்பந்தர் காலத்துப் பண்ணும் இன்றைய இராகமும் ஒன்றுதானா என்று வினவுவது வரலாறு. சுரக்குறிப்பு இல்லாமல், ஓதுவார்களின் செவிவழியே வந்த செல்வமன்றோ அது! இத்தகைய வினாக்களுக்கு விடை தேடியே விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, 1947-இல் 'யாழ் நூல்' என்னும் பெருநூலை நமக்கு அளித்தார்.

பாடத் தெரிந்தவர் பலர். தாம் பாடுவது எங்கிருந்து வந்தது, எதனால் இனிக்கிறது என்று எடுத்துரைக்க வல்லவர் சிலரே. அச்சிலரை உருவாக்குவதே பல்கலைக்கழகத்தின் வேலை.

அவ்வேலை மன்னாருக்கு இன்று மிகவும் வேண்டியிருக்கிறது. வடபாங்கு, தென்பாங்கு என்ற இருவகைக் கூத்து மரபுகள் இம்மண்ணுக்கு உரியவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1964-இல் 'எண்டிறீக்கு எம்பரதோர்' நாடகத்தையும், 1966-இல் 'மூவிராசாக்கள்' நாடகத்தையும் பதிப்பித்து உதவினார். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கியவரும் அவரே. அச்சேறிய சொற்கள் பிழைத்துக்கொண்டன. மெட்டுக்களோ பெரும்பாலும் அண்ணாவிமாரின் நெஞ்சில்தான் வாழ்கின்றன. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டுக்கும் இதே நிலைதான். முதியவர் ஒருவர் கண் மூடினால், அவரோடு ஒரு மெட்டும் மறைந்துவிடக்கூடும். அதனைக் கேட்ட மாத்திரத்தில் சுரப்படுத்தி, தாளம் குறித்து, இன்ன மரபினது என்று எழுதிவைக்கக் கற்ற ஒருவர் வேண்டாமா? அயலூரார் வந்து எழுதுவதிலும், அப்பாட்டைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்த ஊர்ப்பிள்ளை எழுதுவது சிறப்பல்லவா?

இப்பட்டம் பெருஞ்செல்வம் தரும் என்று நாம் ஆசை காட்டமாட்டோம். பாடசாலைகளில் சங்கீத ஆசிரியராகும் வாய்ப்பு உண்டு. அதற்கும் காத்திருக்க நேரலாம். பல்கலைக்கழகத்தில் இடம் பெறுவதற்கே உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. பாடிக் காட்டவும் வேண்டும். ஆகவே, ஆர்வமும் உழைப்பும் உள்ள பிள்ளைகளே இத்துறைக்கு ஏற்றவர்கள்.

அத்தகைய மகள் வீட்டில் இருந்தால், பெற்றோர் தயங்காமல் அனுப்பிவைக்கட்டும். ஒரு சொல் மட்டும் சொல்லி அனுப்பட்டும்: "போய்ப் படித்து வா, பிள்ளை. வரும்போது நம்மூர்ப் பாட்டை எழுதவும் கற்றுக்கொண்டு வா."