குழல்மேல் நாலணா

பெரியப்பாவின் ரைஃபிளில் விசையை இழுப்பது கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி. முதலில் தொளதொளவென்று வரும். பிறகு ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே மூச்சை அடக்கி, கை அசையாமல் விரல் மட்டும் பின்னால் போக வேண்டும். அது பழகத்தான் திண்ணைப் பாடம். தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, குழல் நுனியில் ஒரு நாலணாவைப் படுக்க வைப்பார். போல்ட்டை மூடி, சுவரில் இருக்கிற ஆணியைக் குறிபார்த்து இழுப்பார். ‘டக்’. காசு அப்படியே இருக்கும். நாங்கள் இழுத்தால் காசு திண்ணைக்கு அடியில் உருளும். “காசு விழுந்தா குண்டு கரும்புல போயிடும்டா” என்பார்.

எங்கள் ஊர் பள்ளிப்பட்டில் துப்பாக்கி என்றால் கரும்புக்கும் காட்டுப்பன்றிக்கும் நடுவில் இருந்த விஷயம். நகரிப் பக்கத்து மலையிலிருந்து ராத்திரி இறங்கும் பன்றிக்கூட்டம் விடிவதற்குள் அரை ஏக்கரைப் புரட்டிவிடும். தாத்தா காலத்தில் ஒற்றைக்குழல். பெரியப்பா கைக்கு வந்தபோது .315 ரைஃபிள். லைசென்சு புத்தகத்தைப் புரட்டினால் இந்த ஊரின் சரித்திரமே முத்திரை முத்திரையாக இருக்கும்: முதலில் சித்தூர், 1960 ஏப்ரல் 1-க்குப் பிறகு செங்கல்பட்டு, 1997-க்குப் பிறகு திருவள்ளூர். மூன்று மாவட்டம் மாறிய துப்பாக்கி, ஊரைவிட்டு எங்கும் போகவில்லை.

அந்த விசை ஏன் அவ்வளவு கனம்? .315 வங்காளத்து இஷாப்பூர் ஆலையின் சரக்கு. பட்டாளமும் போலீசும் வைத்திருந்த .303 லீ என்ஃபீல்டின் தம்பி. .303 அரசாங்கத்துத் தோட்டா, பொதுஜனம் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் அதே எந்திர அமைப்பில் வேறு தோட்டாவுக்கு இதைச் செய்து விற்றார்கள். பட்டாளத்துத் துப்பாக்கியில் விசையின் இரண்டாம் இழுப்பு 2.5 கிலோவுக்குப் பக்கம். ஓடுகிறவன், விழுகிறவன், குளிரில் விரல் மரத்தவன் கையில் இருக்கிற பொருள் அது. தட்டினால் வெடிக்கக் கூடாது. வயலில் உட்கார்ந்து பன்றிக்குக் காத்திருக்கிற சம்சாரிக்கும் அந்தக் கனம் சேர்ந்தே வந்தது.

கனத்தைக் குறைக்க ஆசைப்படாதவர்கள் இல்லை. உள்ளே குதிரையைப் பிடித்து நிறுத்துகிற கொக்கி ஒன்று உண்டு. விசை இழுத்தால் கொக்கி நழுவும், குதிரை பாயும், ஊசி தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும். அந்தக் கொக்கியின் விளிம்பை அரத்தால் ராவினால் விசை வெண்ணெய் மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பட்டறைக்காரர் சொல்ல, பெரியப்பாவின் கூட்டாளி ஒருத்தர் ராவிக்கொண்டார். நிஜமாகவே வெண்ணெய்தான். ஒரு வாரம் ஊரெல்லாம் காட்டினார். பிறகு ஒரு ராத்திரி மஞ்சம்புல் கொட்டகையில் துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ‘தொம்’ என்று ஊன்றினார். விரல் விசைப்பக்கமே போகவில்லை, கூரையில் ஓட்டை விழுந்தது. கொக்கி பிடித்திருந்தது மயிரிழை அளவு. ஊன்றிய அதிர்ச்சிக்கு அது போதவில்லை. மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் அரம் என்ற சொல்லே கெட்ட வார்த்தை.

இன்றைக்கு அந்த .315 பெரியப்பா மகன், எங்கள் அண்ணன் பெயரில் இருக்கிறது. அவன் பையன் செல்போனில் அமெரிக்க வீடியோ ஒன்றைக் காட்டினான். அங்கே ஒருத்தர் சமையலறை மேசைமேல் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைக் கழற்றி, தபாலில் வந்த புது விசைப் பெட்டியை மாட்டிவிட்டு, கால்மணி நேரத்தில் காபி குடிக்கிறார். “சித்தப்பா, நம்முதுக்கும் மாத்தலாமா?”

மாற்றக் கூடாது. 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, மாற்றியமைக்கவும் பழுது பார்க்கவும்கூடத் தனி லைசென்சு கேட்கிறது. வைத்துக்கொள்ளும் லைசென்சு அதற்குச் செல்லாது. கைவேலை தெரிந்தவர்களுக்கு இது எரிச்சல்தான். ஆனால் கூரை ஓட்டையைப் பார்த்த எனக்குச் சட்டத்தின்மேல் கோபம் வரவில்லை. பெரிய ஆலையிலேயே தவறுகிறது: ரெமிங்டன் கம்பெனி 2014-இல் தன் 700 மாடல் ரைஃபிள்களைத் திரும்ப அழைத்தது, விசையைப் பூட்டும்போது ஒட்டுப் பசை அதிகமாகிவிட்டதாம், விசையைத் தொடாமலே வெடிக்க வாய்ப்பிருந்ததாம். பசைக்கே இந்தக் கதி என்றால் பட்டறை அரத்துக்கு?

அதைவிட, மாற்றி எதைச் சுடுவது? 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் வேட்டை படிப்படியாக முடிந்தது. பன்றி மட்டும் முடியவில்லை. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட அனுமதித்தது. அதுவும் வனத்துறை ஆட்களுக்கு. அண்ணனின் ரைஃபிள் வெளியே போவது தேர்தலுக்குத்தான்: அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவது, முடிந்ததும் திரும்ப எடுப்பது. .303-கூடக் கிழடாகிவிட்டது; உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு அதற்கு விடை கொடுத்துவிட்டது.

விசையைத் தனக்கேற்ப வைத்துக்கொள்கிற சுதந்திரம் இன்று விளையாட்டில் இருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியின் ரைஃபிள் .22, விசையின் எடைக்குக் கீழ்வரம்பே கிடையாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஆடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் அப்படியே. ஏர் பிஸ்டலுக்குத்தான் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அந்தத் துப்பாக்கிகளில் ஆலையே திருகு வைத்து அனுப்புகிறது. அரம் வேண்டாம். ஆனால் குழல் எப்போதும் இலக்குப் பலகையைப் பார்த்தே இருக்க வேண்டும், சுடும் வரிசையில் நிற்கும்வரை தோட்டா ஏறக் கூடாது. வயலில் யார் இப்படிச் சொன்னார்கள்?

பையனுக்கு இதெல்லாம் சொன்னேன், கேட்டானா தெரியாது. போன தடவை ஸ்டேஷனிலிருந்து எடுத்து வந்த அன்று, அண்ணன் போல்ட்டைத் திறந்து சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தான். பையனையும் தடவச் சொன்னான். நாலணா 2011-இலேயே செல்லாமல் போய்விட்டது; ஒரு ரூபாயைக் குழல்மேல் வைத்தோம். பையன் இழுத்தான். விழுந்தது. இன்னொரு தடவை. விழுந்தது. “கனமா இருக்கு சித்தப்பா” என்றபடி திண்ணைக்கு அடியில் குனிந்து காசைத் தேடினான்.