லென்ஸின் எடையைத் தாங்குவது எது?

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன்பின் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு பெங்களூரு ரயிலை நம்பியே நடக்கிறது. மாரிக்குப்பத்தில் புறப்பட்டுப் பங்காருபேட்டை வழியாகச் செல்லும் வண்டியில் காலையில் நிற்க இடம் கிடைப்பதே அரிது. பயணமோ நெடியது. ஸ்கெலட்டன் பகுதியின் லைன் வீடொன்றிலிருந்து, திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட இளைஞர் ஒருவர் அவ்வண்டியில் ஏறுவதாக எண்ணிக்கொள்வோம். தோளில் கேமரா, அதில் பூட்டியபடியே ஒரு கனமான லென்ஸ். இரண்டையும் வங்கிக் கடனில் வாங்கியிருக்கிறார். தவணை முடியும்வரை அக்கருவிகள் பழுதின்றி உழைத்தாக வேண்டும்.

லென்ஸைக் கழற்றித் தனியே வைத்தால் என்ன என்று கேட்கலாம். பொதுவாக அதுவே நல்ல முறை. ஆனால் தங்கவயலில் அதற்கொரு தடை இருக்கிறது. தங்கம் பிரித்தபின் எஞ்சிய அரைத்த பாறைத்தூள், சயனைடு மேடுகளாக ஊரைச் சுற்றிக் குவிந்து கிடக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அத்தூள் வீட்டுக்குள்ளும் வந்து படியும். தங்கம் படிந்திருந்த பாறை பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவையில் அதன் எண் 7. லென்ஸ் கண்ணாடி அதைவிட மென்மையானது. அங்கே வெளியிடத்தில் லென்ஸைக் கழற்றினால் தூள் நேரே சென்சாரில் போய் அமரும். துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதியகற்றிய பிறகே துணி தொட வேண்டும். ஆகவே, பூட்டியபடியே கொண்டுசெல்வதை அங்கே குறை சொல்ல முடியாது. எப்படிக் கொண்டுசெல்வது என்பதே நம் கேள்வி.

கேமராவும் லென்ஸும் சேருமிடத்தை மவுண்ட் என்கிறோம். அது ஓர் உலோக வளையம். சில சிறிய திருகாணிகளே அதைக் கேமராவின் உடலோடு பிணைத்து நிற்கின்றன. கேனன் நிறுவனத்தின் 70-200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். பறவைப் படம் எடுப்போர் விரும்பும் நிக்கான் 200-500 மி.மீ. லென்ஸ் தாங்கு வளையத்தோடு 2,300 கிராம். பல கேமராக்களின் எடை ஒரு கிலோவைக்கூட எட்டாது. அதாவது, நாம் கேமராவில் லென்ஸைப் பூட்டுவதாகச் சொன்னாலும், உண்மையில் லென்ஸில்தான் கேமராவைப் பூட்டுகிறோம்.

எடையைக் காட்டிலும் அது தொங்கும் திசையே முக்கியம். நீர் நிறைந்த குடத்தை இடுப்போடு அணைத்துச் சுமப்பது எளிது; அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். லென்ஸ் நேர்கீழாகத் தொங்கும்போது மவுண்ட் இழுபடுகிறதேயன்றி வளைபடுவதில்லை. கேமராவை மட்டும் பற்றி லென்ஸைக் கிடைமட்டமாக நீட்டி வைத்தால், முழு எடையும் நெம்புகோலாக மாறி மவுண்டை வளைக்கப் பார்க்கிறது. பை கீழே விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். 30 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பையை 3 செ.மீ. பஞ்சுமெத்தை தாங்கி நிறுத்துமானால், அக்கணத்தில் லென்ஸ் தன் எடையைப்போல் பத்து மடங்குக்கு மேல் கனக்கும். மெத்தை மெலிந்திருந்தால் அது இன்னும் கூடும்.

இதனால் விளையும் கேடு உடனே கண்ணுக்குத் தெரியாது. 1959 முதல் வழங்கும் நிக்கான் எஃப் மவுண்டில் வளையத்திலிருந்து சென்சார்வரை உள்ள தொலைவு 46.5 மி.மீ.; 1987இல் வந்த கேனன் இ.எஃப். மவுண்டில் 44 மி.மீ. வளையத்தின் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு சாய்ந்தாலும் படத்தின் ஓரம் கூர்மை இழக்கலாம். மணமக்கள் தெளிவாக இருப்பார்கள். ஓரத்தில் நிற்கும் தாய்மாமன் மங்கலாகத் தெரிவார். தாய்மாமன் சும்மா இருப்பாரா? சோதித்துப் பார்ப்பது எளிது. சுவரில் ஒரு நாளிதழை விரித்து ஒட்டி, நேர் எதிரே நின்று, துளையை முழுதும் திறந்து படமெடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுக. ஒரு பக்கம் மட்டும் மங்கினாலோ, பூட்டிய லென்ஸ் வழக்கத்துக்கு மாறாக ஆடினாலோ, பழுது நீக்குபவரிடம் காட்டுவது நலம்.

கனமான லென்ஸுகளில் ஒரு தாங்கு வளையமும் அதன் அடியில் ஒரு பாதமும் இருக்கும். முக்காலியில் ஏற்றுவதும் கழுத்துப் பட்டையை மாட்டுவதும் அந்தப் பாதத்தில்தான். அதை இடைஞ்சல் என்று கழற்றி அலமாரியில் போட்டுவிடுவோர் பலர். எங்கள் கருத்தில் அது தவறான சிக்கனம். பாதத்தில் மாட்டிய பட்டையின் திருகு நடையின் அதிர்வில் தளரக்கூடும். ஆகவே நாள்தோறும் இறுக்குவதோடு, கேமராவின் வளையத்தில் துணைக் கயிறு ஒன்றும் கட்டிவைப்பது நன்று. கையில் எடுக்கும்போது இடக்கை லென்ஸின் அடியில் இருக்கட்டும்.

நெரிசலான ரயிலில் பையை முதுகில் மாட்டாமல் மார்பின்மேல் மாட்டுக. லென்ஸ் கீழ்நோக்கி நிற்குமாறு அமைந்த பையே ஏற்றது. ஜூம் பூட்டு இருந்தால் அதைப் போட்டுவிடுக. இல்லையேல் குழல் தானே நீண்டு இறங்கும். மேல்தட்டில் மட்டும் வைக்க வேண்டாம். பை உருண்டு விழும் என்பதோடு, அது வேறொருவர் கையில் இறங்கிப்போகவும் கூடும்.

வீட்டில் ஓரிரவு வைப்பதானால் பூட்டியபடியே வைக்கலாம். ஆனால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் அடியில் சம அளவில் ஆதாரம் இருக்க வேண்டும். பல நாள் எடுக்கப்போவதில்லை என்றால், தூசியற்ற அறையில் கழற்றி, இருபுறமும் மூடியிட்டு, காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருப்பது நல்லது. 60ஐத் தாண்டி நெடுநாள் நின்றால் கண்ணாடியில் பூஞ்சை படரும். ஈரம் வாங்க அரிசியைப் பயன்படுத்தினால் அதன் மாவு உள்ளே புகும். பீரோவில் அந்துருண்டைக்கு அருகே வைப்பதும் கூடாது. பகலெல்லாம் தகிக்கும் தகரக் கூரைக்கு நேர்கீழே உள்ள பரணும் ஏற்றதன்று.

வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கலாமா என்று எங்களைக் கேட்போர் உண்டு. காற்றோட்டமற்ற இரும்புப் பெட்டகம் திருடரைத் தடுக்கும், பூஞ்சையைத் தடுக்காது. மேலும், 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதியின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடச் சரிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நேரும் இழப்புக்கு வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரையே. தொழிற்கருவிக்குத் தனிக் காப்பீடு எடுப்பதே பொருத்தம். கடனில் வாங்கிய கருவியாயின் கடன் ஒப்பந்தம் காப்பீட்டைக் கோருகிறதா என்று கிளையில் கேட்டறிக. வீட்டுக்கு வெளியே, பயணத்தின்போது நேரும் சேதமும் களவும் அடங்குமா என்பதைப் பத்திரத்தில் படித்துப் பார்க்க வேண்டும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் தனித்தனி வரிசை எண்கள் உண்டு. இரண்டையும் விலைப்பட்டியலோடு படமெடுத்துக் கைப்பேசியிலும், அது தொலைந்தாலும் கிடைக்கும்படி வேறோரிடத்திலும் சேமித்து வைக்கவும்.